59 இலட்சத்துக்கு வாங்கிய காரில் எயார்பேக்கே இல்லை: கொழும்பில் பழைய கார் தேடுவோர் கவனத்துக்கு

கொழும்பில் பழைய கார் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். ஆத்திரம் அடங்காமல் எழுதுகிறேன், முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 59 இலட்சம் ரூபாய் கொடுத்தேன். அதற்கு எனக்குக் கிடைத்தது, காப்புறுதி நிறுவனம் ஒன்று முழு இழப்பு என்று கணக்கை முடித்து உடைசலாக விற்றுத் தள்ளிய வண்டி. அதன் முன்பாதி வேறொரு காரிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. எயார்பேக் ஒன்றுகூட இல்லை. அந்தக் காரின் முன் ஆசனத்தில் என் அம்மாவை ஏற்றி வாரக்கணக்காகக் கிளினிக்குக் கொண்டுபோய் வந்திருக்கிறேன்.

விற்ற இடத்தின் பெயரை இங்கே போடவில்லை. வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கொழும்பு எல்லையைத் தாண்டியதும் பெரிய வீதியோரம் கார்களைக் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தியிருப்பார்களே, அப்படியான விற்பனை நிலையங்களில் ஒன்று. விளம்பரத்தைப் பார்த்தது, காணி முதல் கைத்தொலைபேசி வரை எல்லாவற்றையும் விற்கும் ஓர் இணையத் தளத்தில். வேகன் ஆர், 2017ஆம் ஆண்டுத் தயாரிப்பு, ஒரே உரிமையாளர், விபத்து இல்லை, ஏலத்தாள் (ஜப்பானில் ஏலத்துக்கு நின்றபோது காரின் நிலையைக் குறித்த தாள்) கைவசம் உண்டு என்று போட்டிருந்தார்கள்.

இவ்வளவு விலை கொடுத்து ஏன் பழைய கார் என்று கேட்பவர்கள் இந்த ஊர் நிலைமை தெரியாதவர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும், ஓடுகிற கார்களின் விலை எல்லாம் ஏறிப்போயிற்று. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். ஆனால் இப்போதுள்ள வரியைக் கட்டி வரும் வாகனம் என் போன்ற சம்பளக்காரனின் கைக்கு எட்டாது. முன்பெல்லாம் உதிரிப்பாகத்துக்குக் கழற்றி விற்றிருக்கக்கூடிய உடைசல்கூட, திருத்திப் பளபளப்பாக்கினால் பெரும் பணம் தருகிற காலம் இது. இந்த வியாபாரத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அவர்கள் என்னை எப்படி நம்பவைத்தார்கள் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே எங்களோடு கதைத்தவன் ஒரு தமிழ் இளைஞன். அண்ணா, அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டான். அம்மாவுக்கு நாற்காலி போட்டு, பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தான். காரைப் பற்றி நான் கேட்கும் முன்பே ஜப்பான் ஏலத்தாளை மேசையில் விரித்தான். தரம் நான்கு. காரின் வரைபடத்தில் எங்கெங்கே என்ன குறி இருக்கிறது என்று பேனாவால் தொட்டுக் காட்டினான். ஏ என்றால் கீறல், யூ என்றால் பள்ளம், எக்ஸ் எக்ஸ் என்றால் மாற்றப்பட்ட தகடு. "பாருங்கள் அண்ணா, இதில் இரண்டு சிறிய கீறல் மட்டும்தான். விபத்துப் பட்ட வண்டிக்குத் தரம் போடும் இடத்தில் ஆர் என்று வரும். இதில் அது இல்லை." தாளில் இருந்த சேசிஸ் இலக்கத்தைக் காரில் இருந்த இலக்கத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுக் காட்டினான். இரண்டும் ஒன்றுதான். முன்னைய உரிமையாளரோடு கதைக்கலாமா என்று கேட்டேன். குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார், அதனால்தான் விற்கிறார் என்றான்.

கடைசியில் அம்மாவைப் பார்த்து, "அம்மா, என் சொந்தத் தாய்க்கு எடுத்துக் கொடுப்பது போலத்தான் இதைத் தருகிறேன்" என்றான். புதிய சீட் கவரும், டாஷ்போர்டுக்கு மேலே வெல்வெட் விரிப்பும் இலவசமாகப் போட்டுக் கொடுத்தான். வெயிலில் டாஷ்போர்ட் வெடிக்காமல் இருக்குமாம். அம்மா அவன் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தார். அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

பாதித் தொகைக்கு லீசிங். லீசிங் நிறுவனத்தின் மதிப்பீட்டாளரும் வந்து பார்த்தார். இலக்கங்களைக் குறித்தார், படம் எடுத்தார், சந்தை விலை சரி என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை காரின் விலையைச் சொல்லுமே தவிர அதன் வரலாற்றைச் சொல்லாது என்பது பலருக்கும் தெரியாத விடயம்.

முதலில் கார் இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. வீல் எலைன்மென்ட் செய்யும் இடத்தில், எவ்வளவு திருகினாலும் முன்சக்கரம் கணக்குக்கு வரவில்லை, காரின் இரும்புச் சட்டத்தையே பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டயர்களின் உள்விளிம்பு அதற்குள் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. தெமட்டகொடையில் எங்கள் அலுவலகத்தாருக்குப் பழக்கமான ஒரு பாஸிடம், அதாவது கார் திருத்துகிற மெக்கானிக்கிடம், கொண்டுபோனேன். சிங்களவர், வயதானவர், வீண்வார்த்தை பேசமாட்டார். பொனெட்டைத் திறந்தார். மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் சுரண்டுப்பட்டிருப்பதைக் காட்டினார். கதவு ரப்பரை விரலால் பிதுக்கினார். உள்ளே வெள்ளைத் தூறல், பெயின்ட் அடித்தபோது பறந்து படிந்தது. அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டார். முன்பக்கச் சட்டத்தின் இரண்டு கால்களிலும் வெல்டிங் கோடு, அதன்மேல் கறுப்புத் தார்ப்பூச்சு. "நோஸ் கட் ஒன்றை, வேறு காரில் வெட்டிய முன்பாதியை, வாங்கி ஒட்டியிருக்கிறார்கள், மாத்தயா (ஐயா)" என்றார்.

அதன்பிறகு அவர் பேட்டரி இணைப்பைக் கழற்றி, சிறிது நேரம் பொறுத்திருந்து, ஸ்டியரிங்கின் நடுமூடியைத் திறந்தார். மடித்த பை இருக்க வேண்டிய இடம் வெற்றுக் குழியாக இருந்தது. மஞ்சள் நிற இணைப்பி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு முனைகளையும் இணைத்து, அரிசிமணி அளவில் ஒரு ரெசிஸ்டர், மேலே கறுப்பு டேப். காரின் கணினி எயார்பேக் சுற்றுக்குள் சிறிய மின்னோட்டத்தை அனுப்பித் தடையை அளந்து பார்க்கும். எதிர்பார்த்த அளவு இருந்தால், பை இருக்கிறது என்று முடிவெடுத்து எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடும். அந்த அளவுக்குச் சரியான ரெசிஸ்டரைத் தேடிப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்து, முறைப்படி அணைந்துகொண்டிருந்தது.

வெல்வெட் விரிப்பை உரித்தார். பயணியின் பக்கத்து டாஷ்போர்டில், பை வெடித்துக் கிளம்பிய இடம் பிளந்து, பசையால் ஒட்டப்பட்டிருந்தது. இலவசமாகக் கிடைத்த விரிப்பு அந்தப் பிளவை மறைக்கப் போடப்பட்டது. அம்மாவின் முகத்துக்கு நேரே இருந்த இடம் அது.

பழைய காரில் இயந்திரம் பழுதாகலாம், பேட்டரி சாகலாம், கிலோமீற்றரைக் குறைத்துக்கூட வைத்திருக்கலாம். அவையெல்லாம் பண நட்டம். விளக்கை ஏமாற்ற ரெசிஸ்டர் போடுகிறவனுக்கு, அந்தக் காரில் மனிதர்கள் ஏறப்போகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறான். மன்னிக்க முடியாதது இதுதான்.

பதிவுப் புத்தகத்தில் இருந்த முன்னைய உரிமையாளரின் முகவரிக்கு ஒரு கடிதம் போட்டேன். அவுஸ்திரேலியாவும் இல்லை, ஒன்றும் இல்லை. குருநாகலில் இருந்து அவரே தொலைபேசியில் அழைத்தார். "அந்தக் கார் இன்னும் ஓடுகிறதா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நின்றுகொண்டிருந்த லொறியின் பின்னால் மோதி முன்பகுதி முழுவதும் நொறுங்கியதாம். காப்புறுதி நிறுவனம் முழு இழப்பாகத் தீர்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டதாம். படங்களும் அனுப்பினார். பொனெட் கண்ணாடி வரை மடிந்திருக்கிறது. உள்ளே இரண்டு வெள்ளைப் பைகள் காற்றுப்போய்த் தொங்குகின்றன. இலக்கத் தகட்டில் இருப்பது என் காரின் இலக்கம்.

விபத்தில் சேதமடைந்த வாகனங்கள் விற்பனைக்கு, விலைமனுக்கள் கோரப்படுகின்றன என்று பத்திரிகைகளில் விளம்பரம் வருகிறதே, அந்த வழியாகத்தான் இவையெல்லாம் வெளியே போகின்றன. உடைசலை வாங்கியவர், வெட்டி ஒட்டியவர், என்னிடம் விற்றவர், ஒருவர் பெயரும் பதிவுப் புத்தகத்தில் ஏறவில்லை. உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கைமாற்றியிருக்கிறார்கள். ஒரே உரிமையாளர் என்ற விளம்பரத்தின் அர்த்தம் இவ்வளவுதான். அந்த ஏலத்தாளும் போலியல்ல. கார் ஜப்பானில் ஏலத்துக்கு நின்ற நாளின் நிலையை அது சரியாகத்தான் சொல்கிறது. விபத்து நடந்தது இலங்கையில்.

நியூ ஜேர்சியில் இருக்கும் என் மச்சான் இதைக் கேட்டுத் திகைத்துப்போனார். அமெரிக்காவில் இப்படித் தீர்க்கப்பட்ட வாகனத்தின் உரிமைப் பத்திரத்திலேயே சால்வேஜ் (உடைசல்) என்று பதிவாகிவிடுமாம். திருத்திப் பரிசோதனையில் தேறிய பிறகும் ரீபில்ட் என்ற சொல் அதைவிட்டுப் போகாது. தெரிந்தே அப்படியான காரை வாங்கித் தாங்களே திருத்தி ஓட்டுகிறவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். விலை வெகுவாகக் குறைவு. சில காப்புறுதி நிறுவனங்கள் முழுக் காப்புறுதி கொடுக்காது என்பதும் முன்கூட்டியே தெரியும். அதில் எந்தத் தவறும் இல்லை. உடைந்த காரை உடைந்த கார் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கு என்ன வழக்கு? என் கையில் இருக்கும் பதிவுப் புத்தகத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. நான் கொடுத்ததோ நல்ல காரின் விலை, 59 இலட்சம்.

சரி, அவர்களிடம் போனேன். அண்ணா என்று கூப்பிட்டவன் அன்று என்னைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டான். முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றார்கள். மறுபடி போனபோது கூட்டத்தில் இருந்தார். தொலைபேசியில் பிடித்தபோது, "நீங்கள் பார்த்துத்தானே எடுத்தீர்கள்?" என்றார். பற்றுச்சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் 'வாகனத்தைப் பரிசீலித்துத் திருப்தியடைந்து உள்ளபடியே பெற்றுக்கொள்கிறேன்' என்று இருப்பதை வாசித்துக் காட்டினார். எயார்பேக் படத்தை அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. பிறகு, எங்கள் கராஜில் விடுங்கள், பார்த்துத் தருகிறோம் என்றார்கள். விட்டேன். வாரங்கள் கழித்துக் கழுவிப் பொலிஷ் போட்டுத் திருப்பித் தந்தார்கள். ஸ்டியரிங்கைத் திறந்தால் அதே ரெசிஸ்டர், அதே டேப்.

கடைசியாக அவர்கள் சொன்னதைக் கேளுங்கள். "விருப்பமில்லை என்றால் நாங்களே திரும்ப எடுக்கிறோம். 37 இலட்சம் தரலாம். விபத்துப் பட்ட வண்டிதானே!" எனக்கு விற்கும்போது விபத்து இல்லை, என்னிடம் வாங்கும்போது விபத்துப் பட்ட வண்டி. அதே இடத்தில், அதே மேசையில் இருந்து சொன்னார்கள்.

லீசிங் தவணை மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. யாருக்கும் இதை மறைத்து விற்க எனக்கு மனமில்லை, வீட்டார் ஏறாமல் நிறுத்திவைக்கவும் வசதியில்லை. எனவே திருத்தினேன். சட்டத்தை இழுத்து நேராக்கியது, எயார்பேக் இரண்டு, அதன் கட்டுப்பாட்டுக் கணினி, டாஷ்போர்ட், முன் ஆசனங்களின் சீட் பெல்ட், டயர். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கித்தான் பாதிச் சாமான்கள் கிடைத்தன. 9 இலட்சத்து 40 ஆயிரம் ஆயிற்று. 59 இலட்சத்தோடு சேர்த்தால் 68 இலட்சத்து 40 ஆயிரம். இவ்வளவுக்குப் பிறகும் பாஸ் சொன்னது, "ஓட்டலாம், மாத்தயா. ஆனால் இன்னொரு முறை மோதினால் இந்தச் சட்டம் எப்படி மடங்கும் என்று என்னால் சொல்ல முடியாது."

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முற்பணம் கொடுக்கும் முன், விற்கிறவர் காட்டும் ஆளிடம் அல்ல, உங்களுக்குத் தெரிந்த பாஸிடம் காரைக் காட்டுங்கள். தூக்கியில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க விடாவிட்டால் அப்படியே வெளியேறிவிடுங்கள். டாஷ்போர்ட் விரிப்பு, ஸ்டியரிங் கவர் எதுவாக இருந்தாலும் கழற்றச் சொல்லுங்கள். எச்சரிக்கை விளக்கை நம்பாதீர்கள். காரின் கணினியில் செருகிப் பழுது பார்க்கும் ஸ்கேனரையும் ரெசிஸ்டர் ஏமாற்றிவிடும். கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறிகள் எல்லாம் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரோடு எப்படியாவது கதையுங்கள். அவர் வெளிநாட்டில் என்றால் வெளிநாட்டு இலக்கத்தைக் கேளுங்கள். 'விபத்து இல்லை, முழு இழப்பாகத் தீர்க்கப்பட்டதில்லை' என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எழுத மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஏமாந்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இவர்கள் இழுத்தடிப்பது அந்தக் கெடு கடந்து போகட்டும் என்றுதான். எனக்கு அது முடிய இன்னும் சில நாட்களே உள்ளன. முன்னைய உரிமையாளரின் கடிதம், விபத்துப் படங்கள், பாஸின் அறிக்கை எல்லாவற்றோடும் மனு நாளைக்குப் போகிறது. அவர்களுடைய விளம்பரத்தை இப்போது தளத்தில் காணவில்லை, அழித்துவிட்டார்கள். பழைய கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், விளம்பரத்தைப் பார்த்த உடனேயே திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.