ஜஸ்டின்கிட்டார்: பக்கத்தில் வாத்தியார் இல்லாத ஊருக்கு ஏற்ற இலவசப் பாடம்

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தையின் பெயர் பெஸ்தாரி ஜெயாவாகிவிட்டது, யூனிசெல் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. ஆனால் கிட்டார் வகுப்பு என்றால் இன்னும் ரவாங்கோ கிள்ளானோதான். போக வர பெட்ரோல், மாதக் கட்டணம், சனிக்கிழமை முழுக்கப் போய்விடும். அதனால் தம்பியும் நானும் இணையத்தில் ஜஸ்டின்கிட்டார் தளத்தின் தொடக்கப் பாடத்தைப் பிடித்துக்கொண்டோம். கையில் ஒரு கிட்டாரும் கேட்டுப் புரிகிற அளவுக்கு இங்கிலீஷும் இருந்தால், வேறு எதற்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் இதில் ஆரம்பியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நடத்துபவர் ஜஸ்டின் சாண்டர்கோ, ஆஸ்திரேலியாவில் தாஸ்மேனியாக்காரர். 2003-இல் தொடங்கிய தளம், தொடக்கநிலை வீடியோ பாடங்கள் இலவசம், செயலிக்குத்தான் சந்தா.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் போட்டிருக்கும் வரிசை. யூடியூபில் தேடினால் ஆயிரம் பேர் ஆயிரம் கார்ட், அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்க விரல் வைக்கும் முறை, காட்டுவார்கள், எதற்குப் பிறகு எது என்று யாரும் சொல்வதில்லை. இவர் முதலில் டி, ஏ, அப்புறம் ஈ, அவ்வளவுதான். ஏ கார்டில் ஆள்காட்டி விரலை, மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி மூன்றாவது கம்பியின் இரண்டாவது கட்டத்தில் (கழுத்தில் உலோகக் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடம்) வைக்கச் சொல்கிறார். டி கார்டிலும் அந்த விரல் அதே இடம்தான், ஆகவே மாற்றும்போது அதை எடுக்கவே வேண்டாம், மற்ற விரல்கள் மட்டும் நகர்ந்தால் போதும். ஈ-க்குப் போக அதே கம்பியில் ஒரு கட்டம் பின்னால் இழுத்தால் சரி. பலர் கிட்டாரை மூலையில் சாய்த்துவிட்டுப் போவது கார்ட் மாற்றும் இந்த இடத்தில்தான், அதை முதல் பாடத்திலேயே அவர் இலேசாக்கிவிடுகிறார். பிறகு ஒரு நிமிடப் பயிற்சி: கடிகாரம் வைத்து இரண்டு கார்டுகளுக்கு நடுவில் எத்தனை முறை மாறுகிறீர்கள் என்று எண்ண வேண்டும். 60 வரை வந்துவிட்டால் பாட்டோடு ஓடலாம். எண்ணி எழுதி வைப்பதால் முன்னேறுகிறோமா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிகிறது, வாத்தியார் இல்லாத வீட்டில் இது பெரிய விஷயம்.

குறை இருக்கிறது. வீடியோவுக்கு உங்கள் மணிக்கட்டு தெரியாது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அவர் கையையும் உங்கள் கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை நெரிக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள். விரல் நுனி வலி எல்லாருக்கும் வரும், தோல் தடித்தால் போய்விடும். மணிக்கட்டு வலித்தால் மட்டும் நிறுத்திவிட வேண்டும்.

கிட்டார் பற்றியும் ஒரு வார்த்தை. இணையக் கடைகளில் 150, 200 வெள்ளிக்கு விற்கிற சிலவற்றில் கம்பி அவ்வளவு உயரமாக நிற்கும், அழுத்தவே முடியாது, பிள்ளை தனக்கு வராது என்று நினைத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு யமாஹா சி40 மாதிரி நைலான் கம்பி கிட்டார் விரலுக்கு மென்மையானது, நம் ஈரக்காற்றில் துருப்பிடிக்கிற கவலையும் குறைவு. சின்னக் கைக்கு முக்கால் அளவு கேளுங்கள். கிட்டார்டியூனா செயலியில் தினமும் சுருதி சேர்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ.

அப்புறம் நம் பாட்டு. அவருடைய பாடல்கள் ஆங்கிலம், தொடக்கத்தில் தாளமும் பெரும்பாலும் நான்கு நான்காக எண்ணுவதுதான். தம்பி கற்பதே வெள்ளிக்கிழமை பஜனையில் வாசிக்கத்தான், அங்கேயோ பாதிப் பாட்டு திஸ்ர நடையில், அதாவது மூன்று மூன்றாக எண்ணிப் போகும். அதனால் ஏ கார்டைப் பிடித்துக்கொண்டு தகிட தகிட என்று வாயால் சொல்லி, 'த' விழும்போது மட்டும் கீழே அடித்துப் பழகினோம். அது பாடத்தில் இல்லாத வேலை, ஆனாலும் அவர் கொடுத்த மூன்று கார்ட் அதற்குப் போதுமானதாக இருந்தது.

சுருதிக்கும் வழி இருக்கிறது. பாடுகிறவரின் சுருதி ஒரு கட்டை என்றால் அது கிட்டாரில் சி, இரண்டு கட்டை டி, ஐந்து ஜி, ஆறு ஏ. ஏ, டி, ஈ தெரிந்தவர் சும்மா வாசித்தால் ஆறு கட்டைக்குச் சரியாக இருக்கும். எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்கும் கேப்போ என்ற கிளிப்பை மூன்றாவது கட்டத்தில் மாட்டினால் அதே விரல்களில் ஒரு கட்டை வந்துவிடும், ஐந்தாவதில் மாட்டினால் இரண்டு கட்டை. பஜனையில் அண்ணன்மார் சுருதியை மாற்றச் சொன்னால் புதுக் கார்ட் தேடி ஓட வேண்டியதில்லை. கேப்போ வாங்கும்போது நைலான் கிட்டாருக்கு என்று சொல்லியே கேளுங்கள், அதன் கழுத்து அகலம், தட்டை, மற்றது மாட்டினால் ஓரக் கம்பி சரியாக அமுங்காது.