நைரோபி விரைவுச்சாலை: பயணம் சிறப்பு, கட்டணக் கணக்குதான் கவலை

கென்யத் தலைநகரின் தென்கிழக்கே உள்ள ம்லோலோங்கோவில் தொடங்கி, ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்துக்கு வழிவிட்டு, நகர மையத்தின் மேலே பாலமாக எழுந்து வெஸ்ட்லண்ட்ஸ் பகுதியில் இறங்கும் நைரோபி விரைவுச்சாலையின் நீளம் 27 கிலோமீட்டர். 2022 மே மாதம் சோதனை முறையில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட இந்தச் சாலை, பொது-தனியார் கூட்டாண்மை முறையில் ஆப்பிரிக்காவில் உருவான திட்டங்களுள் அதிகம் பேசப்படுவது. சைனா ரோடு அண்ட் பிரிட்ஜ் நிறுவனம் தன் பொறுப்பில் பணம் திரட்டிக் கட்டியது. மோஜா எக்ஸ்பிரஸ்வே நிறுவனம் சுங்கம் வசூலித்து 27 ஆண்டுகள் நடத்தும். அதன் பிறகு சாலை அரசின் கைக்கு வரும்.

பயணிக்குக் கிடைக்கும் சேவையைப் பொறுத்தவரை, குறை சொல்ல அதிகமில்லை. கீழே மொம்பாசா சாலையிலும் உஹுரு நெடுஞ்சாலையிலும் காலை மாலை வேளைகளில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும்போது, மேலே மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் முழுத் தூரத்தையும் இருபது நிமிடத்தில் கடந்துவிடலாம். விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு இந்த உறுதியே பெரிது. சுங்கச்சாவடியில் ரொக்கமாகவும் கட்டலாம், முன்பணம் ஏற்றிய அட்டையையும் காட்டலாம்; வண்டியின் முன்கண்ணாடியில் மின்னணுக் கருவியைப் பொருத்திக்கொண்டவர்களுக்குத் தனித் தடம் உண்டு, நிற்காமலே தடுப்புக் கட்டை உயர்ந்துவிடும். அடிக்கடி போகிறவர்கள் இந்தக் கருவியை வாங்கிவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: நகர மையத்தில் ஹைலே செலாசி வெளிவழியில் இறங்கும் வண்டி, தான் தவிர்த்து வந்த அதே நெரிசலுக்குள்தான் இறங்குகிறது.

வெஸ்ட்லண்ட்ஸ் முனையில், கட்டுமானத்துக்காக வெட்டப்படவிருந்த பழைய அத்திமரம் ஒன்று மக்களின் எதிர்ப்புக்குப் பின் 2020-இல் அப்போதைய அதிபர் உஹுரு கென்யாட்டாவின் ஆணையால் காப்பாற்றப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் பொதுமக்களின் குரலுக்கு இடம் உண்டு என்பதற்கு அது சான்றாக நிற்பது மகிழ்ச்சி தருகிறது.

இனி விலை. தொடக்கத்தில் ஒரு சாதாரணக் கார் முழுத் தூரத்துக்கு 360 ஷில்லிங் கட்டியது. 2024 ஜனவரி முதல் அது 500 ஷில்லிங். ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேலான காலத்தில் ஏறத்தாழ 39 விழுக்காடு உயர்வு. சாலை அந்த அளவுக்கு மேம்பட்டதா என்றால் இல்லை. ஷில்லிங்கின் மதிப்பு சரிந்தது, அவ்வளவுதான். 2022-இன் நடுவில் ஒரு டாலருக்கு 117 ஷில்லிங் அளவில் இருந்த மாற்று விகிதம் 2023-இன் முடிவில் 156-ஐ ஒட்டி வந்தது. சாலைக்கான முதலீடு டாலரில் வந்தது, அதை டாலரில்தான் மீட்க வேண்டும். வசூலோ ஷில்லிங்கில் நடக்கிறது. இடையில் விழும் பள்ளத்தை நிரப்பும் பொறுப்பு ஒப்பந்தப்படி வண்டி ஓட்டுகிறவரிடம் வந்து சேர்கிறது. ஷில்லிங்கில் சம்பளம் வாங்கும் ஒரு நைரோபிவாசிக்கு டாலரின் ஏற்றத்தாழ்வைத் தாங்க எந்த வழியும் இல்லை. நாணய இடரைத் தாங்கும் வலிமை யாருக்கு உண்டோ அவரிடம் அதை வைக்க வேண்டும் என்பதே இத்தகைய கூட்டாண்மைகளின் அடிப்படை விதி. இங்கே அது தலைகீழாகிவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

அரசின் கருவூலம் கட்டுமானச் செலவைச் சுமக்கவில்லை என்பது இத்திட்டத்துக்குச் சொல்லப்படும் பெரிய நியாயம். அதில் உண்மை இருக்கிறது. கடன் சுமையில் திணறும் நாடு, வரிப்பணத்தைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வைத்துக்கொண்டு, சாலையின் விலையைப் பயன்படுத்துகிறவரே கொடுக்கட்டும் என்று முடிவெடுப்பது தவறல்ல. ஆனால் கால்நடையாக வேலைக்குப் போகிறவருக்கும் மோட்டார் சைக்கிள், மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவருக்கும் மேலே இடமில்லை. அவர்களுக்கு உரிய கீழ்ச்சாலையும் நடைபாதையும் அதே அக்கறையுடன் பராமரிக்கப்பட்டால்தான் அந்த நியாயம் முழுமை பெறும்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் இதே கூட்டாண்மை முறையில் கட்டப்பட்ட ஹென்றி கொனான் பேதியே பாலம் உதவும். 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் கார்களுக்கு அந்நாட்டு நாணயமான சிஎஃப்ஏ பிராங்கில் 500 கட்டணம் வைத்தார்கள். அந்த நாணயம் யூரோவுடன் நிலையான விகிதத்தில் பிணைக்கப்பட்டிருப்பதால், ஐரோப்பிய முதலீட்டாளருக்கும் உள்ளூர்ப் பயணிக்கும் இடையே கென்யாவில் வந்த சிக்கல் அங்கே எழவில்லை. அங்கு இடர் வேறு இடத்தில் இருக்கிறது: சுங்க வருவாய் குறைந்தால் ஈடுகட்ட ஐவரி கோஸ்ட் அரசு உறுதி கொடுத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட சிறு நாடான லெசோத்தோவின் தலைநகர் மசேருவில் இதே கூட்டாண்மை முறையில் 2011-இல் திறக்கப்பட்ட மருத்துவமனையின் அனுபவம் இன்னும் கசப்பானது. நாட்டின் சுகாதார நிதியில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது என்று ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு 2014-இல் கூறியது, உலக வங்கி அந்தக் கணக்கை மறுத்தது, 18 ஆண்டுகளுக்குப் போட்ட ஒப்பந்தம் 2021-இல் பாதியிலேயே முறிந்தது.

அவற்றோடு வைத்துப் பார்க்கையில் நைரோபிச் சாலை சேவையாகத் தேறிவிடுகிறது, அவசரமுள்ளவர் தயங்காமல் பயன்படுத்தலாம். கென்ய அதிகாரிகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கட்டணத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும், எந்த நாளின் மாற்று விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள், ஷில்லிங் வலுத்தால் எவ்வளவு குறைப்பார்கள் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே சேர்த்து வெளியிட வேண்டும்.