கேட்டது ஒரு ஃபோல்டர், போனது ஒரு வார ஆர்டர்

எங்களுடையது திருமணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகம். ஆர்டர், புரூஃப் (அச்சடிக்கும் முன் வாடிக்கையாளர் பார்த்து ஓகே செய்யும் மாதிரி) எல்லாம் எங்கள் இணையதளம் வழியாகத்தான். அதற்கு மாதம் 1,800 ரூபாய்க்கு ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்திருந்தோம். மேற்கொண்டு 300 ரூபாய் கட்டினால் தினசரி பேக்கப் உண்டு, அதற்குள் போய் வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் 300 ரூபாய் கட்டினேன். என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்துகொண்டு சர்வர் எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஆவணி முகூர்த்த நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை டிஸ்க் நிரம்பிவிட்டது என்று எங்கள் டிசைனர் தம்பி பழைய புரூஃப்களை அழிக்கப் போய், நடப்பு புரூஃப் ஃபோல்டரை அழித்துவிட்டான். தப்பு எங்கள் பக்கம், அதை மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளர் "நாங்க ஓகே பண்ண புரூஃபைக் காணோமே" என்று போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

நான் பதறவில்லை, பேக்கப்தான் இருக்கிறதே. கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் ஏழு தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ரீஸ்டோர்' என்று ஒரே ஒரு பட்டன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. பட்டனை அழுத்தினால், முழு சர்வரும் மாற்றி எழுதப்படும் என்று எச்சரிக்கை வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

சர்வர் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு டிக்கெட் போட்டேன். ஃபைல்களைத் திறந்து பார்ப்பது மேல் பிளானில்தான் உண்டு என்றார்கள். 2,400 ரூபாய் கட்டி மாறினேன். சனிக்கிழமை, உங்கள் சர்வர் கன்டெய்னர் வகை (ஒரே பெரிய மெஷினைத் தடுத்துப் பலருக்குக் கொடுப்பது), அதற்கு அந்த வசதி வேலை செய்யாது, நாங்களே எடுத்துத் தருகிறோம் என்றார்கள். இதைப் பணம் வாங்கும் முன் சொல்லியிருக்கலாம். ஞாயிறு சத்தமே இல்லை. எனக்கு அவசரம் ஏனென்றால், ஏழு நாளுக்கு மேல் அவர்கள் எதையும் வைத்திருப்பதில்லை. தம்பி அழிப்பதற்கு முன் எடுத்த கடைசிப் பிரதி செவ்வாய் அதிகாலை 2 மணியுடையது. அடுத்த செவ்வாய் அதிகாலை அதுவும் போய்விடும். மூன்று முறை எழுதினேன். திங்கள் இரவு 11 மணிக்கு "ரீஸ்டோர் முடிந்தது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

ஃபோல்டர் வந்திருந்தது, ஒரு புரூஃப்கூடக் குறையவில்லை. ஆர்டர் பக்கத்தைத் திறந்தால், அந்த வாரம் வந்த ஆர்டர்கள் ஒன்றும் இல்லை. சர்வர் முழுவதையும் போன செவ்வாய்க்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்! சரி, திங்கள் அதிகாலைப் பிரதியிலிருந்து டேட்டாபேஸையாவது எடுத்துக் கொடுங்கள் என்று கேட்கலாம் எனப் பட்டியலைப் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்குப் பிந்தைய தேதிகள் எதுவுமே அதில் இல்லை.

சிஸ்டம் அட்மினாக இருக்கும் நண்பர் ஒருவர் அவர்களுடைய மெயில்களைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் பேக்கப் என்று சொன்னது, அதே சேமிப்பகத்தில் இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சேமிப்பு முறையில் எடுத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்தில் எல்லாம் எப்படி இருந்தது என்ற பதிவு. பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு ரோல்பேக் செய்ய, அதாவது முழுவதையும் அந்த நிலைக்கே திருப்பப் போனால், அதற்குப் பிந்தையவை இருக்கும்வரை இசட்எஃப்எஸ் சாதாரணமாக மறுத்துவிடும். கட்டளையோடு 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால், பிந்தையவற்றை எல்லாம் அழித்துவிட்டுப் பின்னால் போகும். யாரோ அதைச் சேர்த்து அடித்திருக்கிறார்.

எனக்கு வயிறு எரிந்தது அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான். கன்டெய்னரின் ஃபைல்கள் இசட்எஃப்எஸ் டேட்டாசெட்டில் (அந்தச் சேமிப்பகத்தின் ஒரு தனிப் பகுதியில்) இருந்தால், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் அதற்குள் சாதாரண ஃபோல்டர் மாதிரியே கிடக்கும், படிக்க மட்டும் முடியும். மெயின் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் உள்ளே போய் எங்கள் புரூஃப் ஃபோல்டரைக் காப்பி செய்திருந்தால் போதும். அதற்குத்தான் நான்கு நாள் காத்திருந்து, 2,400 ரூபாயும் கட்டியிருக்கிறேன்.

என் பங்குக்கு நான் செய்த முட்டாள்தனம், ஒரு நாள்கூட அந்த பேக்கப்பைத் திறந்து பார்க்காதது. 2017 ஜனவரியில், புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் அழிந்தபோது, பேக்கப் ஓடாமலே இருந்தது தெரியவந்தது. தோல்வி என்று சொல்லும் மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அவர்களுக்கே அப்படி என்று நண்பர் ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

இப்போது வேறு இடத்தில் இருக்கிறோம். பணம் கட்டிய முதல் நாளே ஒரு வெற்று ஃபைலைப் போட்டு, மறுநாள் அழித்து, அதை மட்டும் வேறு ஃபோல்டரில் எடுத்துத் தரச் சொன்னேன். தந்தார்கள். ஆனாலும் நம்பிவிடவில்லை. ரெஸ்டிக் என்ற இலவச மென்பொருளில் தினமும் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரதி வருகிறது. அதை மவுன்ட் செய்தால், அதாவது ஒரு டிரைவ் போலத் திறந்தால், தேதிவாரியாக ஃபோல்டர்கள் விரியும், வேண்டியதை இழுத்துக்கொள்ளலாம். டேட்டாபேஸ் விஷயம் வேறு. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஒற்றை ஃபைலைத் தூக்கி வந்து வைத்தால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு டேபிளையும் தனித்தனியாக டம்ப் எடுத்து, அதாவது அதில் உள்ளதை எல்லாம் ஒரு ஃபைலாக எழுதி வைக்கிறோம்.

காணாமல் போன ஆர்டர்கள் 41. ஆர்டர் மெயில்களைத் தோண்டி 29-ஐ மீட்டோம். மீதி 12 பேரை வங்கிக் கணக்கில் வந்த முன்பணத்தை வைத்துத் தேடிப் பிடித்து, பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் திரும்பக் கேட்டு எழுதினோம். பழைய நிறுவனம் அந்த மாத பேக்கப் கட்டணம் 300 ரூபாயைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. பணமாக இல்லை, அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்வார்களாம்.