பெங்களூரு சுற்ற 80 ரூபாய் பாஸ்: எந்த நாளுக்கு லாபம்?

ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால், "முதல்ல டே பாஸ் எடுத்துடுங்க" என்பதுதான் இங்குள்ள தமிழ் வீடுகளில் சொல்லும் முதல் யோசனை. அன்று முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம்; பிஎம்டிசி (பெங்களூரு நகரப் பேருந்துக் கழகம்) சாதா பஸ்ஸுக்கு அது 80 ரூபாய். ஆனால் நகரின் நடுவில் மட்டும் சுற்றும் நாளுக்கு அது தேவையில்லை. 2025 ஜனவரியில் கட்டணம் ஏறிய பிறகும் ஆரம்ப டிக்கெட் 6 ரூபாய்தான். இடங்கள் கிட்டக்கிட்ட இருப்பதால் நாலைந்து தடவை ஏறி இறங்கினாலும் 80 ஆகாது.

கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் பழைய கோட்டையும், 1791-ல் முடிந்த திப்புவின் மர அரண்மனையும் நடக்கும் தூரமே. அங்கிருந்து பசவனகுடி நந்தி கோயிலுக்கு "புல் டெம்பிள்" என்று கேட்டு ஏறுங்கள். கார்த்திகைக் கடலைக்காய்த் திருவிழா சமயத்தில் அந்தச் சாலையில் பஸ்ஸை நம்ப வேண்டாம். லால்பாக்குக்கு டிக்கெட் கேட்கும்போது மெயின் கேட்டா, வெஸ்ட் கேட்டா என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டாப் மாறினால் வெயிலில் தோட்டத்தைச் சுற்றி நடக்க நேரும். சட்டசபைக் கட்டிடமான விதான சௌதாவை ஞாயிறு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு போடுவார்கள், வெளியே நின்று பார்த்தாலே நிறைவாக இருக்கும்.

பாஸுக்கு உரிய நாள், ஊருக்கு வெளியே இருக்கும் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குப் போகும் நாள். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் 365-ம் எண் பஸ் ஏறுங்கள். எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஒட்டியிருந்தால் போகும் இடமே வேறாக இருக்கலாம், கேட்டுவிட்டு ஏறுங்கள். செவ்வாய்க்கிழமை பூங்கா விடுமுறை. போக வர ஆகும் தூரத்திலேயே பாஸின் பெரும்பகுதி கழிந்துவிடும், மாலையில் ஊருக்குள் சுற்றுவது மிச்சம். பாஸ் அன்று நள்ளிரவு வரைதான். மத்தியானத்துக்கு மேல் எடுப்பது வீண். வஜ்ரா ஏசி பஸ்ஸிலும் விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ராவிலும் இந்தப் பாஸ் செல்லாது. அவசரத்தில் ஏறிவிட்டுத் தனி டிக்கெட் எடுப்பவர்கள் நிறையப் பேர்.

பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து சாதா பஸ் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். தமிழ்நாட்டு ஆதாருடன் வரும் அத்தைக்கும் அக்காவுக்கும் டிக்கெட் உண்டு. முன்பக்க இருக்கைகள் பெண்களுக்கானவை, காலியாக இருந்தாலும் ஆண்கள் உட்கார வேண்டாம்.

கண்டக்டர் "எல்லிகே?" என்பார்; இடத்தின் பெயர் மட்டும் சொன்னால் போதும். நூறு ரூபாய் நீட்டினால் பாக்கியை டிக்கெட்டின் பின்னால் பேனாவால் எழுதித் தருவார். கூட்டத்தில் அவர் மறக்கலாம், நீங்கள் மறக்கக் கூடாது. இறங்குவதற்கு இரண்டு ஸ்டாப் முன்பே அந்தச் சீட்டை நீட்டிப் பாக்கியை வாங்கிவிடுங்கள். கதவு மூடியபின் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை.