இன்ஸ்டாபேப்பரா, வாலபேக்கா, அப்சிடியன் கிளிப்பரா?

போனில் கண்ணில் படும் கட்டுரைகளை ‘அப்புறம் படிக்கலாம்’ என்று எடுத்து வைக்க இந்த மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். இப்போது என் போனில் இருப்பது அப்சிடியன் வெப் கிளிப்பர்; அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலிக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் உலாவி எக்ஸ்டென்ஷன். அதனால் என்னிடம் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

விளம்பரம் நீக்கிய பக்கம், எழுத்தளவு, இருட்டுப் பின்னணி, நெட் இல்லாமல் படிப்பது எல்லாம் மூன்றிலும் ஏதோ ஒரு வகையில் கிடைக்கும். இவற்றை வைத்து முடிவெடுக்க முடியாது. நான் பார்த்தது ஒன்றைத்தான்: நாளைக்குச் சேவையை மூடினால் என் கையில் என்ன மிஞ்சும்?

இது வீண் பயம் இல்லை. ஆம்னிவோரும் இதே மாதிரிச் செயலிதான், ஓப்பன் சோர்ஸ். நல்ல பெயரும் இருந்தது. அதன் குழு இலெவன்லேப்ஸ் என்ற ஏஐ குரல் நிறுவனத்தில் சேர்ந்ததும் 2024 நவம்பரில் சேவை நின்றுபோனது. 2007-இல் தொடங்கி 2017-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் மொசில்லாவிடம் போன பாக்கெட் என்ற இன்னொரு சேமிப்புச் செயலி, 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. இறக்கிக்கொள்ளக் கொடுத்த கோப்பில் தலைப்பு, லிங்க், சேமித்த நேரம், டேக் எல்லாம் இருந்தன. கட்டுரை மட்டும் இல்லை. லிங்க் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். பத்து வருடப் பழைய லிங்க் நாலைந்தைத் தட்டிப் பாருங்கள். சில தளங்களே இருக்காது. சில முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இன்ஸ்டாபேப்பர் இந்த இடத்தில்தான் எனக்கு இடறுகிறது. மொத்தமாக ஏற்றுமதி செய்தால் அதிலும் வருவது லிங்க் பட்டியல்தான். 2008-இல் வந்த செயலி, பீட்டாவொர்க்ஸ், பின்டரெஸ்ட் என்ற நிறுவனங்களிடம் கைமாறி 2018-இல் மறுபடி தனியாக நிற்கிறது. தாக்குப்பிடிக்கும் என்றே தோன்றுகிறது; ஆனால் பாக்கெட்டைப் பற்றியும் அப்படித்தான் நினைத்தோம்.

வாலபேக் இந்தச் சோதனையில் தேறிவிடும். கட்டுரையின் முழு உரையையும் ஜேசன் (தரவுக் கோப்பு), ஈபப் (மின்னூல்) வடிவில் வெளியே எடுக்கலாம். சிக்கல் பராமரிப்பு. சொந்த சர்வரில் வைத்தால் அப்டேட், பேக்கப் எல்லாம் நம் தலையில். இல்லையென்றால் சந்தா கட்ட வேண்டும். தவிர, அது வழக்கமாகத் தன் சர்வரிலிருந்து பக்கத்தை எடுக்கும். நாம் லாகின் செய்து படிக்கும் கட்டுரை, முதல் பத்தியோடு நின்றுவிடலாம்.

கிளிப்பர் உலாவிக்குள்ளேயே வேலை செய்வதால், திரையில் திறந்திருக்கும் பக்கத்தையே எடுக்கிறது. வேண்டிய பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்தால் அது மட்டும் வரும். சேமித்த கோப்பைத் திறந்தால் மேலே மூன்று சிறு கோடுகள். அடுத்து தலைப்பு, மூல லிங்க், எழுதியவர், வெளியான தேதி, நாம் எடுத்த தேதி. மறுபடி மூன்று கோடுகள். அதன் கீழே கட்டுரை. வெறும் மார்க்டவுன், அதாவது சில குறியீடுகளோடு கூடிய சாதாரண உரை. எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறக்கும், கோப்புறையை அப்படியே காப்பி செய்தால் பேக்கப் முடிந்தது. அப்சிடியனே நாளை இல்லாமல் போனாலும் கோப்புகள் எங்கும் போகாது.

குறைகளும் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது, ஃபயர்ஃபாக்ஸுக்குப் போக வேண்டும். ஐபோனில் சஃபாரி போதும். படங்கள் லிங்க்காகவே நிற்கும். மூலத் தளம் போனால் படமும் போச்சு. அவற்றை இறக்கும் கட்டளை அப்சிடியனில் உண்டு. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் நாமே கொடுக்க வேண்டும். வரைபடம் இருக்கிற கட்டுரைகளுக்கு மட்டும் நான் அதைச் செய்கிறேன். கோப்புகள் பல ஆயிரமானால் போன் திணறுமா என்று சொல்ல, என்னிடம் இன்னும் அவ்வளவு சேரவில்லை. போனுக்கும் கணினிக்கும் இடையே ஒத்திசைக்க அப்சிடியனின் சொந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம். ஆப்பிள் சாதனங்கள் மட்டும் என்றால் ஐகிளவுடே போதும்.

படித்ததும் நீக்கிவிடுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடெல்லாம் அதிகப்படி, இன்ஸ்டாபேப்பரே போதும். கோபோ மின்னூல் ரீடர் வைத்திருந்தால் இன்னும் வசதி. பாக்கெட் இருந்த இடத்தில் இப்போது அதில் இன்ஸ்டாபேப்பர்தான் இருக்கிறது.