மளிகைக் கடைமேல் ஏடிஏ புகார்: அமெரிக்க நீதித் துறையின் சேவை எப்படி?

அமெரிக்காவில் ஒரு சூப்பர்மார்க்கெட் மாற்றுத்திறனாளி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினாலோ, சக்கர நாற்காலி நுழையவே முடியாதபடி கடையை வைத்திருந்தாலோ, கூட்டாட்சி நீதித் துறையிடம் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் தேவையில்லை. பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் கொடுக்கலாம். எங்கள் மதிப்பீட்டைச் சுருக்கமாகச் சொன்னால், புகாரை வாங்கிக்கொள்ளும் விதத்துக்கு நல்ல மதிப்பெண், அதன்பின் நகரும் வேகத்துக்குக் குறைந்த மதிப்பெண். நஷ்டஈடு எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது சரியான வாசலே இல்லை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1990 ஜூலை 26-ல் கையெழுத்தான ஏடிஏ, அதாவது அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் மூன்றாம் பகுதி, பொதுமக்கள் வந்துபோகும் வணிக இடங்களைப் பட்டியலிடும்போது மளிகைக் கடையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வேலை தொடர்பான முதல் பகுதிக்குத்தான் 15 ஊழியர்கள் என்ற வரம்பு உண்டு. வாடிக்கையாளரை நடத்தும் விதத்தில் அப்படி வரம்பு எதுவும் இல்லை, இரண்டு பேர் நடத்தும் மூலைக்கடைக்கும் இதே சட்டம்தான்.

நீதித் துறையின் சிவில் உரிமைப் பிரிவு இணையதளத்தில் படிவம் இருக்கிறது. தமிழில் கிடையாது, ஆனால் ஆங்கிலம் எளிமையானது. கவனிக்க வேண்டிய இடம் ஆரம்பத்திலேயே வருகிறது. என்ன வகைப் பிரச்சினை என்று கேட்கும்போது, வாடிக்கையாளர் ‘வணிக அல்லது பொது இடம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் வேலை பார்ப்பவரின் புகார் என்றால் அது ஈஈஓசி என்னும் சமவேலைவாய்ப்பு ஆணையத்துக்குப் போக வேண்டியது. அங்கே 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள் என்று கறாரான காலக்கெடு உண்டு. தவறான வாசலில் காத்திருந்து அந்தக் கெடுவைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. அனுப்பி முடித்ததும் ஒரு பதிவு எண் வரும். அதைக் குறித்து வைக்காவிட்டால் பிறகு விசாரிப்பது பெரும்பாடு.

விவரிக்கும் பகுதியில்தான் பெரும்பாலான புகார்கள் சோடை போகின்றன. ‘மேனேஜர் அவமானப்படுத்தினார், மனசு உடைந்துவிட்டது’ என்று பக்கம் பக்கமாக எழுதினால் படிக்கிற அதிகாரிக்குப் பிடிப்பு எதுவும் கிடைக்காது. கடையின் முழு முகவரி, தேதி, நேரம், யார் என்ன சொன்னார், கடை எதைச் செய்ய மறுத்தது, இப்போது என்ன மாற வேண்டும் என்பவை போதும். கட்டடக் குறை என்றால் அளவு வேண்டும். டேப்பை நீட்டி வைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். அசலை வைத்துக்கொண்டு, கேட்டால் பிரதி கொடுங்கள்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. வழி 36 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 24 அங்குல நீளத்துக்கு மிகாத ஒரு குறுகலில் 32 அங்குலம் வரை குறையலாம் என்று ஏடிஏ-வின் 2010 கட்டட விதிமுறையே அனுமதிக்கிறது. தூண் ஒன்றின் அருகே 33 அங்குலம் என்று எழுதினால் அது மீறல் ஆகாமல் போகலாம். தள்ளுவண்டி வெளியே போகாமல் இருக்க வாசலில் நடும் கம்பிகள் வேறு கதை. பாதுகாப்புத் தடைகள் சக்கர நாற்காலி வழியை மறிக்கக் கூடாது என்று தனி விதியே உண்டு. நடைவழியில் சோடாப் பெட்டி அடுக்கியிருப்பதைப் புகாராக்கினால், ‘அன்றைக்கு மட்டும்தான்’ என்பது கடையின் வழக்கமான பதில். வெவ்வேறு தேதிகளில் எடுத்த படங்கள் இருந்தால் அந்தப் பதில் நிற்காது.

பில் போடும் கவுண்டர் வரிசைகளுக்குக் கணக்கு உண்டு. ஒரே வகை வரிசை 1 முதல் 4 வரை இருந்தால் ஒன்று, 5 முதல் 8 வரை இரண்டு, 9 முதல் 15 வரை மூன்று அணுகத்தக்கதாக இருக்க வேண்டும். விற்பனைப் பரப்பு 5,000 சதுர அடிக்குக் குறைவு என்றால் ஒன்று போதும். வரிசையைக் கட்டிவிட்டு அதைப் பூட்டியே வைத்திருப்பதுதான் நடைமுறையில் அதிகம். கடை திறந்திருக்கும் நேரத்தில் போதிய எண்ணிக்கையில் அவை இயங்க வேண்டும், அல்லது அதற்குச் சமமான வசதியைக் கடை தர வேண்டும் என்று விதி சொல்கிறது. அணுகத்தக்க ஒரே வரிசை, கொஞ்சச் சாமான் வாங்குவோருக்கான எக்ஸ்பிரஸ் வரிசையாக இருந்தால், வண்டி நிறையச் சாமான் இருந்தாலும் அங்கேயே பில் போட விடுவது ஒரு தீர்வு என்றும் அதே விதி சொல்கிறது. இதைப் புகாரில் எடுத்துக்காட்டினால் மறுப்பது கடினம்.

வாகன நிறுத்தத்தில் 25 இடம் வரை ஒன்று, 50 வரை இரண்டு என்று போகும். ஒவ்வொரு 6 அணுகத்தக்க இடத்துக்கும் குறைந்தது ஒன்று வேனுக்கானது. பக்கத்தில் கோடு போட்ட இடைவெளி 60 அங்குலம். அதில் தள்ளுவண்டி நிறுத்தும் கூண்டை வைத்திருந்தால் படம் எடுக்கத் தயங்க வேண்டாம். நிறுத்துமிடம் பெரும்பாலும் கட்டட உரிமையாளருடையது. சட்டம் உரிமையாளர், வாடகைக்காரர் இருவரையுமே பொறுப்பாளி ஆக்குகிறது, ஆகவே இரு பெயரையும் எழுதுங்கள். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கை காட்டியே காலம் போகும்.

எதெல்லாம் எடுபடாது? அலமாரி உயரம் ஒன்று. வாடிக்கையாளர் தாமே எடுக்கும் தட்டுகளுக்கு எட்டும் உயரக் கட்டுப்பாடு இல்லை. கேட்டும் ஊழியர் எடுத்துத் தர மறுத்தார் என்றால் அதைத்தான் எழுத வேண்டும். உட்கார்ந்து ஓட்டும் மின்சாரத் தள்ளுவண்டி வைக்கவில்லை என்பதும் நிற்காது, அதைத் தரும் கடமை கடைக்கு இல்லை. மாற்றுத்திறனாளிக்கு உதவப் பழக்கிய உதவி நாயைத் தள்ளுவண்டிக்குள் உட்காரவிடவில்லை என்பதும் அப்படியே. ஆனால் நாயையே உள்ளே விடவில்லை என்றால் வலுவான புகார். ஊழியர் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள்: ஊனம் காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன வேலை செய்யப் பழகியது. சான்றிதழ் கேட்கக் கூடாது, செய்து காட்டச் சொல்லவும் கூடாது. உணவு விற்கும் இடம், சுகாதார விதி என்ற சாக்கும் செல்லாது. நாய் அடங்காமல் ஓடினால் வெளியேற்றலாம், அப்போதும் நாய் இல்லாமல் வாங்கிச் செல்ல வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

இணையக் கடை குறித்த நிலவரம் குழப்பமானது. 2014-ல் நீதித் துறை பீபாட் மளிகை விநியோக நிறுவனத்துடன் உடன்பாடு போட்டு, தளத்தையும் செயலியையும் பார்வையற்றோருக்கு ஏற்ப மாற்ற வைத்தது. தடுப்பூசிப் பதிவுத் தளங்கள் தொடர்பாக ஹை-வீ, க்ரோகர், மைஜர் நிறுவனங்களுடனும் உடன்பாடுகள் வந்தன. வின்-டிக்சி மளிகைச் சங்கிலி மீதான தனியார் வழக்கிலோ, 2017-ல் பார்வையற்ற வாடிக்கையாளர் வென்றார், 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது, அதே டிசம்பரில் அந்தத் தீர்ப்பும் ரத்தானது. இந்த வகைப் புகாரில் எந்தப் பக்கத்தில், எந்தத் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருள்), எந்தப் பொத்தானில் நின்றது என்று எழுதுங்கள்.

அனுப்பிய பிறகு? பரிசீலனைக்கு மூன்று மாதம் வரை ஆகலாம் என்று துறையே சொல்கிறது. சில புகார்கள் வேறு அமைப்புக்குப் போகும், சில விசாரணைக்கு. பல, நடவடிக்கை எடுக்கவில்லை என்ற கடிதத்தோடு முடியும். வழக்குப் போடும் அதிகாரம், தொடர்ந்து நடக்கும் பாகுபாடு அல்லது பொது முக்கியத்துவம் உள்ளவற்றுக்கு மட்டும். அதனால் ஒரு கடையின் ஒரு நாள் தகராறைவிட, பல கிளைகளில் ஒரே கொள்கையால் வரும் பிரச்சினைக்கு இங்கே மரியாதை அதிகம். தனிச் சம்பவங்களுக்குச் சமரசத் திட்டம்தான் நல்ல வழி. இரு தரப்புக்கும் செலவில்லை, பேச்சு ரகசியம், இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். புகாரிலேயே ‘சமரசத்துக்குத் தயார்’ என்று எழுதிவிடலாம். இந்தச் சேவையிலேயே எங்களுக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பண விஷயத்துக்கு வருவோம். தனியாக வழக்குப் போட நீதித் துறையின் அனுமதி தேவையில்லை. ஆனால் மூன்றாம் பகுதியில் கிடைப்பது கடையைத் திருத்தும் உத்தரவும் வழக்கறிஞர் கட்டணமும் மட்டுமே. தீர்ப்புக்கு முன் கடை குறையைச் சரிசெய்துவிட்டால் வழக்கே பொருளற்றுப் போகலாம். நீதித் துறை போடும் வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கலாம், அபராதமோ அரசுக்குப் போகும். முதல் மீறலுக்கான உச்சவரம்பு 2014-ல் 75,000 டாலர், பணவீக்கத்துக்கேற்ப உயர்ந்து இப்போது 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கையில் காசு வேண்டுமானால் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவின் அன்ரூ சிவில் உரிமைச் சட்டத்தில் மீறலுக்குக் குறைந்தது 4,000 டாலர். அங்கே மாநில சிவில் உரிமைத் துறையிடம் புகார் கொடுக்கக் கெடு ஓராண்டு. நியூயார்க்கில் 2024 பிப்ரவரி 15 முதல் நடப்பவற்றுக்கு மூன்றாண்டு.

மூன்று மாதம் கழிந்தும் பதில் இல்லையென்றால் 800-514-0301 என்ற ஏடிஏ தகவல் எண்ணில் பதிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். புகார் கொடுத்ததற்காகக் கடை பழிவாங்கினால் அது தனிக் குற்றச்சாட்டு, அதையும் தேதியோடு சேர்க்கச் சொல்லுங்கள். நீதித் துறையின் பதிலுக்காக மாநிலக் கெடு நின்று காத்திருக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம், இரு புகார்களையும் ஒரே வாரத்தில் அனுப்பிவிடுவது நல்லது.