இணைப்பா, ஒப்பந்தமா, கூட்டவையா? அண்டைச் சிறு நகரங்கள் சேர்ந்து திட்டமிடும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஒரே ஆற்றங்கரையில் அடுத்தடுத்து அமைந்த நான்கைந்து சிறு நகரங்களுக்குத் தனித்தனி மன்றமும் தனித்தனி வரவு செலவுத் திட்டமும் இருக்கலாம். ஆனால் அவற்றின் சிக்கல்களில் பெரும்பாலானவை பொதுவானவை. மேற்பகுதி நகரத்தின் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் அடுத்த நகரத்தின் குடிநீர்க் கிணறு இருக்கும். ஒரு நகரம் தன் எல்லையோரத்தில் தொழிற்பேட்டைக்கு அனுமதி தந்தால், சொத்து வரி அந்த நகரத்துக்குப் போய்ச் சேரும்; அங்கு வந்துபோகும் கனரக வண்டிகளால் சிதையும் சாலையைச் செப்பனிடும் செலவோ எல்லைக்கு அப்பால் உள்ள நகரத்தின் தலையில் விழும். குப்பைக் கிடங்குக்கு இடம் தேடும்போது ஒவ்வொரு மன்றமும் தன் குடியிருப்புகளிலிருந்து மிகத் தொலைவில் உள்ள மூலையைத் தேர்ந்தெடுக்கும்; அந்த மூலை பெரும்பாலும் அண்டை நகரத்தின் வாசலாகவே இருக்கும்.

இத்தகைய நகரங்கள் சேர்ந்து இயங்குவதற்கு உலகம் முயன்று பார்த்த வழிகள் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கின்றன: ஒரே நகராட்சியாக இணைந்துவிடுவது, சேவைகளை ஒப்பந்தத்தின் மூலம் வாங்கிக்கொள்வது, ஒரு பணிக்கென்று கூட்டு வாரியம் அமைப்பது, திட்டக் குழுவில் கூடிப் பேசுவது, வரி விதிக்கும் உரிமையுடன் பல பணிகளைச் செய்யும் கூட்டவையை ஏற்படுத்துவது. இவற்றை எடைபோடச் சிக்கனம் என்ற ஒற்றை அளவுகோல் போதாது. நகரங்கள் செலவைப் பகிர்ந்துகொள்ள எளிதில் உடன்படும். வருவாயைப் பகிரத்தான் தயங்கும். வருவாய் பகிரப்படாத இடத்தில் நிலப் பயன்பாட்டைச் சேர்ந்து திட்டமிடுவது பெயரளவிலேயே நின்றுவிடும் என்பதே என் கருத்து.

முழு இணைப்பு இந்தத் தடையை ஒரே அடியில் தகர்க்கிறது. மன்றமும் கருவூலமும் ஒன்றாகிவிட்டால் தொழிற்பேட்டை எந்த மூலையில் அமைந்தாலும் வரி ஒரே இடத்துக்குத்தான் வரும். டென்மார்க் 2007இல் தன் 271 நகராட்சிகளை 98 ஆகக் குறைத்தது. ஜப்பானில் 1999இல் 3,232 ஆக இருந்த நகர, கிராம உள்ளாட்சிகள் 2010இல் 1,727 ஆகச் சுருங்கின. தனியாக ஒரு பொறியாளரையோ நகரமைப்பு வல்லுநரையோ பணியமர்த்த வசதியில்லாத ஊர்களுக்கு இணைப்பு உண்மையான பயனைத் தருகிறது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் பெரிதானால் செலவு குறையும் என்ற வாதம் சொல்லப்படும் அளவுக்கு உறுதியானது அன்று. டென்மார்க்கின் சீர்திருத்தத்தை ஆராய்ந்த அறிஞர்கள், நிர்வாகச் செலவில் கிடைத்த மிச்சம் வேறு சில துறைகளில் கூடிய செலவால் ஈடாகிவிட்டதையும், மொத்தச் செலவில் தெளிவான குறைவு தென்படவில்லை என்பதையும் கண்டனர். இணைப்பு வரப்போகிறது என்று தெரிந்தவுடன் மன்றங்கள் நடந்துகொள்ளும் விதமும் கவலைக்குரியது. நாளை எல்லோரும் சேர்ந்து அடைக்கப்போகும் கடனை இன்று தன் ஊருக்காக வாங்கிவிடலாம் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. ஸ்வீடனில் 1952இல் நடந்த இணைப்புக்கு முன் நகராட்சிகளின் கடன் ஏறியதை அந்நாட்டுப் பொருளியல் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஜப்பானிலோ அரசே ஊக்கம் கொடுத்தது. இணைந்த உள்ளாட்சிகளின் திட்டச் செலவில் 95 சதவீதம் வரை சிறப்புக் கடன் பத்திரங்கள் மூலம் திரட்டவும், திருப்பிச் செலுத்தும் தொகையில் 70 சதவீதத்தை நடுவண் அரசின் நிதிப் பங்கீட்டில் ஈடுகட்டவும் வழி செய்யப்பட்டது. இந்த ஏற்பாடு இணைப்பை வேகப்படுத்தியது; கட்டடம் தேவைதானா என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளும் ஆபத்தும் அதற்குள்ளேயே இருந்தது.

மேலிருந்து திணிக்கப்பட்ட இணைப்பு நிலைப்பதும் உறுதியில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2008இல் 157 உள்ளாட்சிகளை 73 ஆக்கியது. நூசா, டக்ளஸ், லிவிங்ஸ்டன், மரீபா ஆகிய நான்கு பகுதிகளின் மக்கள் 2013 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் பிரிவதற்கே வாக்களித்தனர். பிரிவதன் செலவை அவர்களே ஏற்க வேண்டும் என்று சொல்லப்பட்ட பிறகும் அவ்வாறு செய்தனர். 2014இன் தொடக்கத்தில் அவை மீண்டும் தனி உள்ளாட்சிகளாயின. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லப் போகும் மனிதருக்கு மன்ற உறுப்பினரின் வீடு எங்கே என்று தெரிந்திருப்பது சிறு நகரத்தின் பெரிய செல்வம். கணக்கேட்டில் அதற்கு மதிப்பில்லை என்பதற்காக அதை எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இணைப்புக்கு நேர் எதிர் முனையில் நிற்பது ஒப்பந்த முறை. கலிஃபோர்னியாவில் 1954இல் உருவான லேக்வுட் நகரம், காவல் உள்ளிட்ட சேவைகளைத் தானே அமைக்காமல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியிடமிருந்து (கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒப்பந்தத்தின் மூலம் பெற்றது. பின்னர் பல சிறு நகரங்கள் அதே வழியில் சென்றன. நகரத்தின் தனித்தன்மை குலையாது, தொடக்க முதலீடு குறைவு, சேவை பிடிக்காவிட்டால் விலகலாம். டென்மார்க்கே 20,000 மக்கள்தொகையை எட்டாத நகராட்சிகளுக்கு, இணையாவிட்டால் பெரிய அண்டை நகராட்சியுடன் கட்டாய ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று ஒரு வாயிலைத் திறந்துவைத்தது. லேசோ, ஃபானோ, சாம்சோ போன்ற தீவு நகராட்சிகள் அதன் வழியாகத் தம் மன்றங்களைக் காப்பாற்றிக்கொண்டன. எனினும் ஒப்பந்தத்தில் விற்பவரும் வாங்குபவரும் சமமானவர்கள் அல்லர். எல்லையில் பொருத்திய மீட்டர் வழியாக அண்டை நகரத்தின் குடிநீரைப் பெறும் ஊரை எண்ணிப் பாருங்கள். கட்டணத்தை உயர்த்துவதும், கோடையில் அளவைக் குறைப்பதும், ஒப்பந்தம் முடியும்போது குழாய் யாருக்குச் சொந்தம் என்பதும் பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்; எழுதப்படாத ஒவ்வொன்றிலும் குழாயின் மேல்முனையில் இருப்பவர் கையே ஓங்கும். மேலும், ஒப்பந்தம் ஒரு சேவையை வாங்கித் தருமே தவிர, பகுதி எப்படி வளர வேண்டும் என்ற கேள்வியைத் தொடுவதேயில்லை.

ஒரு பணிக்கான கூட்டு வாரியம் இந்தச் சமமின்மையைக் குறைக்கிறது. பிரான்சு 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இதற்கு இடம் கொடுத்தது. நீர், மின்சாரம், குப்பை ஆகியவற்றுக்காக ஊர்கள் சேர்ந்து அமைத்த வாரியங்கள் அங்கு இன்றும் இயங்குகின்றன. நீரேற்று நிலையம், சுத்திகரிப்பு ஆலை, குப்பைக் கிடங்கு போன்று அளவு பெருகினால் ஓர் அலகுக்கான செலவு குறையும் பணிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்று நினைக்கிறேன். குறை என்னவென்றால், நீருக்கு ஒரு வாரியம், குப்பைக்கு வேறொன்று, பேருந்துக்கு மற்றொன்று என்று எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் பெருகுகின்றன. புதிய குடியிருப்புக்கு அனுமதி தரும் மன்றமும், அதற்கு நீர் தர வேண்டிய வாரியமும் ஒன்றையொன்று கலந்துகொள்ளும் கட்டாயம் இருப்பதில்லை. வாரியத்துக்கு ஆள் அனுப்புவது மன்றம் என்பதால், கட்டணம் ஏறினால் யாரைக் கேட்பது என்று குடிமக்களுக்கும் தெரிவதில்லை.

திட்டக் குழுவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இந்தியாவின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 243 இசட்.டி. பிரிவின் மூலம் மாவட்டத் திட்டக் குழுவை ஏற்படுத்தி, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான நிலத் திட்டமிடல், நீர்ப் பகிர்வு, கட்டமைப்பு வளர்ச்சி ஆகியவற்றை அதன் கவனத்தில் வைத்தது. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதோர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. நோக்கத்தில் குறையில்லை. ஆயினும் குழு செய்வது வரைவுத் திட்டத்தைத் தொகுத்து மாநில அரசுக்கு அனுப்புவதே. அதற்கென்று வரியோ கருவூலமோ பிரிவில் தரப்படவில்லை. பணமில்லாத திட்டம் விண்ணப்பமாகவே இருக்கும்.

எஞ்சியிருப்பது கூட்டவை. பிரான்சில் 1992இல் ஊர்க் கூட்டவைகளுக்கு வழி பிறந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் வரி அதிகாரத்தை வலுப்படுத்தியது. 2015ஆம் ஆண்டுச் சட்டம், மலைப்பகுதி போன்ற விலக்குகளைத் தவிர, ஒரு கூட்டவைக்குக் குறைந்தது 15,000 மக்கள் வேண்டும் என்றது. பல கூட்டவைகளில் தொழில் நிறுவனங்கள் மீதான வரியைக் கூட்டவையே வசூலிக்கிறது. மாற்றத்துக்கு முன் அந்தந்த ஊருக்குக் கிடைத்துவந்த தொகையிலிருந்து, கூட்டவை ஏற்றுக்கொண்ட பணிகளின் செலவைக் கழித்து, மீதியை ஊருக்கு ஈடாகக் கொடுக்கிறது. எனவே எந்த ஊரும் முதல் நாளிலேயே ஏழையாவதில்லை. புதிய வளர்ச்சி மட்டுமே பொதுவாகிறது. கூட்டவையின் மன்றத்தில் ஒவ்வோர் ஊருக்கும் குறைந்தது ஓர் உறுப்பினர் இடம் உண்டு. எந்த ஊரும் பாதிக்கு மேல் இடங்களைப் பெற முடியாது. நிலப் பயன்பாட்டுத் திட்டம் 2017 மார்ச்சில் தானாகவே கூட்டவைக்கு மாற வேண்டியிருந்தது. ஆனால் மக்கள்தொகையில் 20 சதவீதத்தைக் கொண்ட 25 சதவீத ஊர்கள் எதிர்த்தால் அந்த மாற்றம் நின்றுவிடும் என்று விதி இருந்தது. அந்தத் தடை உரிமையைக் குறையாகப் பார்ப்போர் உண்டு. என் பார்வையில் குயின்ஸ்லாந்தில் இல்லாமல் போன பாதுகாப்பு இதுவே. நேர்மையாகச் சொல்வதானால், கூட்டவை நிர்வாகத்தில் இன்னோர் அடுக்கைச் சேர்க்கிறது என்பதும் உண்மை. ஊரிலும் கூட்டவையிலும் ஒரே பணிக்கு ஆட்களை வைத்துக்கொண்டால் மிச்சம் எதுவும் கிடைக்காது.

கூட்டவை அமைக்கும் அளவுக்கு நம்பிக்கை பிறக்காத நகரங்களுக்கும் வருவாய்ப் பகிர்வு எட்டாத ஒன்றன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சுற்றிய ஏழு கவுண்டிகளுக்காக 1971இல் ஒரு சட்டம் இயற்றியது. அந்த ஆண்டுக்குப் பின் வளரும் வணிக, தொழில் சொத்து மதிப்பில் 40 சதவீதம் பொதுத் தொகுப்பில் சேர்கிறது. மக்கள்தொகையையும், தலைக்கு எவ்வளவு சொத்து மதிப்பு என்பதையும் கணக்கிட்டு அது உள்ளாட்சிகளுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. மாநில உச்ச நீதிமன்றம் 1974இல் சட்டத்தை உறுதிசெய்தது. மீதி 60 சதவீதம் அந்தந்த நகரத்திடமே இருப்பதால் தொழிற்சாலைக்கான போட்டி முற்றாக மறையவில்லை. ஆனால் தோற்ற நகரமும் வெறுங்கையுடன் நிற்பதில்லை.

ஆகவே, இரண்டு முதல் ஆறு சிறு நகரங்கள் இன்று கூடிப் பேசத் தொடங்கினால், நீருக்கும் குப்பைக்கும் கூட்டு வாரியம் அமைத்து, அதே ஆவணத்தில் இனி வரும் தொழில் வளர்ச்சியின் வரியில் ஒரு பங்கைப் பொதுவாக்கும் விதியையும் எழுதிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். பல ஆண்டுகள் சேர்ந்து பணியாற்றிய பிறகு அது கூட்டவையாக வளரலாம்; இணைப்பு, தனியாக ஒரு பொறியாளரைக்கூட வைத்துக்கொள்ள முடியாத ஊர் தன் விருப்பத்தால் தேர்ந்தெடுக்கும் கடைசி வழியாக இருக்கட்டும். வருவாய் விதியில் எல்லோரும் கையெழுத்திட வேண்டியது தொழிற்சாலைக்கு இடம் முடிவாவதற்கு முன்னரே. இடம் தெரிந்துவிட்டால் அதைப் பெறும் நகரம் பேச்சுக்கு வராது. விலகும் நகரம் கூட்டுக் கடனில் எவ்வளவைச் சுமக்க வேண்டும், சுத்திகரிப்பு ஆலையில் அதன் பங்கு எப்படி மதிப்பிடப்படும் என்பதையும் உறவு நன்றாக இருக்கும் அந்த முதல் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும்.